மோசமில்லாத மார்லிஸ்

மார்லிஸ் டோலெஃப்சனின் கரிம வேதியியல் ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி கெட்டுப்போக இருந்தது. பால் கெட்டுப்போகும், மீன் கெட்டுப்போகும், நல்ல பிள்ளைகூடக் கெட்டுப்போகும். படித்துப் பாஸ் பண்ணிய பாடம் கெட்டுப்போகும் என்று கண்டுபிடித்தது மயக்க மருந்து நர்ஸ் கல்லூரிதான். வகுப்பு தொடங்கும் நாளில் விண்ணப்பதாரரின் அறிவியல் பாடங்கள் ஐந்து வருஷத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது என்று அதன் கையேட்டில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் போட்டிருந்தது. ஐந்து வருஷத்தில் கார்பன் அப்படி என்ன மாறிவிட்டது என்று மார்லிஸ் மின்னஞ்சலில் கேட்டாள். கார்பன் குறித்த கேள்விகளுக்குச் சேர்க்கைப் பிரிவு பதில் அளிப்பதில்லை என்று பதில் வந்தது.

வகுப்பு ஆகஸ்ட் மூன்றாம் தேதி தொடங்கும். ஆக, வேதியியலுக்குப் பன்னிரண்டு நாள் உயிர் மிச்சம். இந்த வருஷம் இடம் கிடைத்தால் உண்டு. தவறினால் வேதியியலை மறுபடி படிக்க வேண்டும். அதை முடிப்பதற்குள் உடலியங்கியல் கெட்டுப்போகும். அதைப் புதுப்பிப்பதற்குள் புள்ளியியல். நாற்பதை நெருங்குகிற ஒருத்தி இப்படிச் சுற்றிச் சுற்றிப் படித்தே ஓய்வு வயதைத் தொட்டுவிடலாம். ஏற்கெனவே இரண்டு முறை விண்ணப்பித்து இரண்டு முறையும் திரும்பி வந்தாயிற்று. மூன்றாவதுதான் கடைசி என்று கணவன் வெர்லினிடம் சொல்லிவிட்டாள். வெர்லின், குளிர்காலம் முழுக்கத் தன் பிக்கப் வண்டியின் முன்னால் இரும்புத் தகடு மாட்டி, வடக்கே பெரிய ஏரிக்கரையில் இருக்கிற டுலூத் நகரத்து வாசல்களில் பனி தள்ளுகிறவன். கோடை முழுக்க அந்த வண்டியைப் பழுது பார்க்கிறவன். சரி என்று மட்டும் சொன்னான்.

மார்லிஸ் பதினோரு வருஷமாக ஐ.சி.யு.வில் நர்ஸ். மூச்சுக்குழாய் போடுவதற்கு முன்னால், மருந்து ஏறி நோயாளியின் கண் சொருகுகிற அந்தச் சில நொடிகளில் அவள் குனிந்து அவர்கள் காதில் ஏதாவது சொல்வாள். நான் இங்கேதான் இருக்கேன், எங்கேயும் போகல என்பது போல ஒன்று. பயந்த முகம் இளகுவதை அப்போது பார்ப்பாள். ஆபரேஷன் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்து அந்த வேலையை நாள் முழுக்கச் செய்ய வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. உலகத்தில் வேறு எதையும் அவள் இவ்வளவு விரும்பியதில்லை. ஆனால் இதை அவள் வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. அந்த ஏரிக்கரையில் அப்படியெல்லாம் சொல்லிக்கொள்கிற வழக்கம் கிடையாது.

அந்த வழக்கம்தான் முதல் வருஷம் அவளைக் கவிழ்த்தது. டுலூத்தில் ஒரு பொருளை அல்லது ஓர் ஆளைப் புகழ்வதற்கு இருப்பதிலேயே பெரிய வார்த்தை 'மோசமில்லை' என்பதுதான். வெர்லினின் அண்ணன் ஒருமுறை தன் நெஞ்சளவு நீளத்துக்கு ஒரு மீன் பிடித்துக்கொண்டு வந்தபோது அவர்கள் அப்பா அதைப் பார்த்து மோசமில்லை என்றார். அண்ணன் அதை இன்றுவரை கிறிஸ்துமஸ் விருந்தில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டியவர் அவளுடைய வார்டு மேலாளர் கோர்டி ஹாகன். அவருக்கு மார்லிஸ் மீது அப்படி ஒரு மதிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, மனதில் இருந்ததையெல்லாம் கொட்டி எழுதினார். 'பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். மோசமில்லை. கோர்டன் ஹாகன்.' எழுதி முடித்ததும் கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டோமோ என்று அவருக்கே கூச்சமாக இருந்ததாம். கூடவே ஒரு படிவமும் இருந்தது. இவர் தன் சகாக்களில் முதல் ஒரு சதவீதத்தில் இருக்கிறாரா, ஐந்து சதவீதத்திலா, பத்திலா, அல்லது சராசரியா என்று பதினெட்டுக் கேள்வி. பதினெட்டுக்கும் சராசரி என்று குறித்தார். கல்லூரி மார்லிஸுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு வரியில் கடிதம் அனுப்பியது.

மார்லிஸ் அழவில்லை. அழுதால் அக்கம்பக்கத்தில் சாவு என்று நினைத்து, உருளைக்கிழங்கும் இறைச்சியும் காளான் சூப்பும் போட்டு வேகவைத்த ஹாட்டிஷ் பாத்திரத்தோடு வந்துவிடுவார்கள். அதற்குப் பயந்தே அந்த ஊரில் யாரும் அழுவதில்லை. அவள் நேரே கோர்டியிடம் போனாள்.

"ஏன் கோர்டி, எல்லாத்துக்கும் சராசரின்னு போட்டீங்க?"

"பின்ன? உனக்கு முதல் ஒரு சதவீதம்னு போட்டா மத்த பொண்ணுங்க மனசு என்ன பாடுபடும், யோசிச்சுப் பாரு. கடிதத்துலதான் தாராளமா எழுதியிருந்தேனே, அதை அவங்க படிக்கலையா?"

இரண்டாவது வருஷம் தடுக்கியது சுயவிளக்கக் கட்டுரையில். நீங்கள் ஏன் இந்தத் துறைக்கு வருகிறீர்கள் என்று ஆயிரம் சொற்களுக்குள் எழுதச் சொல்லியிருந்தார்கள். மார்லிஸ், 'எனக்கு இந்த வேலை பிடிக்கும். இடம் கொடுத்தால் ஒழுங்காகப் படிப்பேன்' என்று எழுதிவிட்டுச் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினாள். ஐந்நூறு சொற்களுக்குக் குறைந்தால் பெட்டி மூடாது என்றது கணினி. அவள் ஊரின் தட்பவெப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதினாள். பிறகு ஏரியைப் பற்றி. ஐந்நூற்று இரண்டாவது சொல்லில் பெட்டி மூடிக்கொண்டது. 'உங்கள் பயணம் எங்களுக்குத் தெரியவில்லை' என்று அந்த வருஷக் கடிதத்தில் எழுதியிருந்தது. மார்லிஸுக்கு ஒரே குழப்பம். அவள் பிறந்த வீட்டிலிருந்து ஆறு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். பயணம் என்று என்ன இருக்கிறது.

மூன்றாவது முறை பயிற்சியாளர் ஒருவரைப் பிடித்தாள். பெயர் பிரைஸ், வயது இருபத்தேழு. தானே போன வருஷம்தான் கல்லூரியில் சேர்ந்தவன் என்றாலும், சேர்வது எப்படி என்று திரையில் தோன்றிப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தான். முதல் வகுப்பிலேயே அவளிடம் காயம் கேட்டான்.

"மார்லிஸ், உங்க காயம் என்ன? எல்லாரும் ஒரு காயத்துலேர்ந்துதான் கட்டுரைய ஆரம்பிப்பாங்க."

"போன மாசம் கேரட் நறுக்கறப்ப விரல்ல..."

"அந்தக் காயம் இல்ல. மனக்காயம். சின்ன வயசுல கஷ்டம், யாராவது செத்தது, அந்த மாதிரி."

மார்லிஸ் நன்றாக யோசித்தாள். நல்ல அப்பா, நல்ல அம்மா. நாய்கூடக் கிழடாகித்தான் செத்தது. கடைசியில், ஆரின் மாமா ஒருமுறை உறைந்த ஏரியின் மேல் வண்டி ஓட்டிப் போய் பனி உடைந்து வண்டியோடு உள்ளே போனார், தானே நீந்தி வெளியே வந்து காபி கேட்டார் என்று சொன்னாள். பிரைஸ் கண் மினுங்கியது. மூன்றாம் நாள் அவன் திருத்தி அனுப்பிய கட்டுரையின் தலைப்பு 'பனிக்கடியில் ஒரு மூச்சு'. அதில் ஏரிக்குள் விழுந்தது மார்லிஸ். வெர்லின் அதை வாங்கி, உதட்டை அசைத்து அசைத்து முழுவதும் படித்தான்.

"நீ எப்ப மார்லி ஏரில விழுந்த?"

"விழல."

"சொல்லியிருந்தா கயித்தோட வந்திருப்பேனே."

அவள் அதை மறுபடி எழுதினாள். ஏரியில் மாமாவையே விழவைத்தாள். அவர் வெளியே வந்ததும் தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டதையும், அவர் பயந்திருந்ததை வேறு யாரும் கவனிக்கவில்லை என்பதையும் மட்டும் சேர்த்தாள். அது உண்மை. அதைச் சொல்வதற்கே அவளுக்குக் காது சிவந்துவிட்டது.

அப்புறம் பார்வை மணிகள். மயக்க மருந்து நர்ஸ் ஒருவர் வேலை செய்வதை நாற்பது மணி நேரம் பின்னால் நின்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் கையெழுத்து. கூடவே, அந்த மணியில் நீங்கள் உணர்ந்தது என்ன என்று ஒரு கட்டம். முதல் மணியில் வியப்பு என்று எழுதினாள். எட்டாவது மணியில் வியப்பு தொடர்கிறது. இருபத்து மூன்றாவது மணியில் முதுகு வலி. அது நேர்மை என்ற தலைப்பில் மதிப்பெண் பெறும் என்று பிரைஸ் சொன்னான்.

இதையெல்லாம் தாண்டிக் கடைசியாக ஒரு காகிதம் நின்றது. அது அந்த வருஷம் புதிதாகச் சேர்த்த தன்னடக்கச் சான்றிதழ். விண்ணப்பதாரர் தன்னடக்கத்தில் நாட்டின் முதல் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கிறார் என்று மேலாளர் உறுதி செய்ய வேண்டும். கோர்டி அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூங்கவில்லை.

"இதுல கையெழுத்துப் போட்டா நீ அடக்கமானவன்னு பீத்திக்கற மாதிரி ஆவுது. போடலைன்னா நீ திமிர் பிடிச்சவன்னு ஆவுது. யாரு மார்லிஸ் இதைக் கண்டுபிடிச்சது? ஒரு குழு உட்கார்ந்து கண்டுபிடிச்சதாத்தான் இருக்கும்."

"கோர்டி, வேதியியல் கெட்டுப்போவுது."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவரை அசைத்தது. பேனாவை எடுத்து, ஐந்து சதவீதம் என்று குறித்துவிட்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று வார்டைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பதினெட்டுக் கேள்விகளில் பதினேழுக்கு இந்த முறையும் சராசரிதான். ஒன்றில் மட்டும், 'நெருக்கடியில் இவர் உங்கள் படுக்கையருகே இருப்பதை விரும்புவீர்களா' என்ற கேள்வியில், கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் ஆமாம் என்று எழுதினார்.

பிப்ரவரியில் நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. கல்லூரி தூரத் தெற்கே, பனியே பெய்யாத ஊரில். துக்க வீட்டுக்குப் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மார்லிஸ் விமானம் ஏறினாள். அங்கே அவளோடு நாற்பத்தெட்டுப் பேர், மற்ற எல்லாரும் ஒரே கருநீலக் கோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் பிரைஸ் போல யாரிடமோ பாடம் கேட்டவர்கள் என்பது அவர்கள் சிரிப்பதிலேயே தெரிந்தது. கல்லூரி இயக்குநர் டாக்டர் வெல்போர்ன் மேடை ஏறினார். அவர் பெயருக்குப் பின்னால் இருந்த பட்டங்களைப் பேச்சு தொடங்குமுன் இன்னொருவர் வாசித்து முடித்தார்.

"இங்க நாங்க மதிப்பெண்ணப் பாக்கறதில்ல, மனுஷங்களப் பாக்கறோம்," என்றார் டாக்டர் வெல்போர்ன். "ஒவ்வொருத்தர் முகமும் எங்களுக்கு முக்கியம். பதினேழாம் நம்பர், கொஞ்சம் நகந்து உக்காருங்க, முப்பத்தொண்ணாம் நம்பர் மறைக்குது. நோயாளிதான் எல்லாத்துக்கும் மேலன்னு நாங்க நம்பறோம். நான் கடைசியா ஒரு நோயாளியத் தொட்டு பதினாலு வருஷம் ஆச்சு. அவ்வளவு மரியாதை வச்சிருக்கேன். சரி, எல்லாரும் கண்ண மூடுங்க. கேளுங்க. எவ்வளவு அமைதியா இருக்கு இன்னைக்கு."

நாற்பத்தெட்டு நர்ஸுகளும் சட்டென்று கண்ணைத் திறந்தார்கள். உலகத்தில் எந்த வார்டிலும் எந்த நர்ஸும் வேலை நேரத்தில் அமைதி என்ற வார்த்தையைச் சொல்ல மாட்டாள். சொன்ன நிமிஷமே நாலு ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நிற்கும் என்பது அவர்கள் அனுபவம். இருபது பேர், கெட்டது எதுவும் வராமலிருக்க, மேசையின் மரத்தைத் தொட்டார்கள். பதினேழாம் எண் சத்தமில்லாமல் எதையோ ஜெபித்தாள். டாக்டர் வெல்போர்ன் இதைத் தியானத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டார்.

நினைத்தது போலவே ஆயிற்று. முதல் சோதனை, படுக்கையில் கிடத்தியிருந்த ரப்பர் நோயாளி. மூச்சு விடுகிற, இருமுகிற, கண் சிமிட்டுகிற விலையுயர்ந்த பொம்மை. நாலு பேர் கொண்ட குழு அதைக் காப்பாற்ற வேண்டும். டாக்டர் வெல்போர்னும் இரண்டு தேர்வாளர்களும் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலிகளில் உட்கார்ந்து மதிப்பெண் போட வேண்டும். மார்லிஸ் குழுவின் முறை வந்ததும் டாக்டர் வெல்போர்ன் நன்றாகப் பார்க்க வேண்டும் என்று நாற்காலியைப் பின்னால் உருட்டினார். பொம்மை ஒரு விக்கல் விக்கிவிட்டுச் செத்துப்போனது. மானிட்டரும் இருண்டது.

"நான் இப்ப தலைமை ஏத்துக்கறேன்," என்றாள் முதல் கருநீலக் கோட்டு.

"நீங்க தலைமை ஏத்துக்கறத நான் மதிக்கறேன்," என்றான் இரண்டாவது கோட்டு.

மூன்றாவது ஆள், இந்தத் தருணத்தில் குழுவின் உணர்வு எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் கேட்கத் தொடங்கினான். டாக்டர் வெல்போர்ன் தலையசைத்துத் தலையசைத்து எழுதினார். மார்லிஸ் தலைமாட்டுக்குப் போனாள். ஊதும் பையைக் கையில் எடுத்துக்கொண்டாள். உறிஞ்சு குழாயைப் பார்த்தாள், ஆக்சிஜன் குழாயைப் பார்த்தாள், பிறகு கோட்டு கசங்கத் தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கடியில் பார்த்தாள். பிளக் கழன்று கிடந்தது. அதன் ஒயர் டாக்டர் வெல்போர்னின் நாற்காலிச் சக்கரத்தில் சுற்றியிருந்தது. அவள் நாற்காலியைக் கொஞ்சம் தூக்கச் சொல்லி, ஒயரை விடுவித்து, பிளக்கைச் சொருகினாள். பொம்மை கண் திறந்து, எனக்குக் குளிருது என்றது. மார்லிஸ் வழக்கப்படி அதன் காதருகே குனிந்து, நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அது ரப்பர் என்று நினைவு வந்தது.

தேர்வாளர்கள் அரைமணி நேரம் தனியறையில் கூடினார்கள். நோயாளியைக் காப்பாற்றுவதற்குப் படிவத்தில் கட்டம் இருந்தது. பிளக்கைச் சொருகுவதற்கு இல்லை. திட்டமிட்ட சாவு பதினோராவது நிமிஷம் வரவேண்டியது. இரண்டாவது நிமிஷமே வந்த சாவு அனுமதி பெறாதது. அதிலிருந்து காப்பாற்றியதும் அனுமதி பெறாதது. மேலும், மற்ற மூவரும் தலைமைப் பண்பைக் காட்டும் வாய்ப்பு பறிபோயிருக்கிறது. மார்லிஸுக்குப் பத்துக்குப் பூஜ்யம் என்று முடிவாயிற்று.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் டாக்டர் வெல்போர்ன் நடுவில். ஓரத்தில் மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிய ஹாட்ச் என்ற பெண்மணி. தேர்வாளர்களில் இன்னும் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்ப்பவர் ஹாட்ச் மட்டும்தான். முகமூடியின் வார் பதிந்த தழும்பு கன்னத்திலேயே இருந்தது.

டாக்டர் வெல்போர்ன், உங்களுடைய மிகப் பெரிய பலம் என்ன, இரண்டு நிமிஷம் பேசுங்கள் என்று ஒரு மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தார். மார்லிஸ் யோசித்தாள். இது நிஜமான கேள்வி. நிஜமான பதில் சொல்ல வேண்டும். பலம் என்று சொல்லிக்கொள்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. வேதியியலை நினைத்தாள், வெர்லினை நினைத்தாள். மணல் இறங்கி முடிந்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை. எல்லாம் போயிற்று என்று கைப்பையை எடுத்துக்கொண்டாள். டாக்டர் வெல்போர்ன் மெய்மறந்து எதையோ வேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் ஹாட்ச். "எல்லாரும் பொம்மையப் பாத்தாங்க. நீங்க ஏன் கட்டிலுக்கு அடில பாத்தீங்க?"

"டியூட்டிக்கு வந்ததும் முதல்ல தலைமாட்டப் பாத்துக்குவேன் மேடம். பை இருக்கா, உறிஞ்சுதா, ஆக்சிஜன் வருதா, பிளக் மாட்டியிருக்கா. அதெல்லாம் சரியா இருந்தாத்தான் அவங்க கையப் பிடிச்சு நான் இருக்கேன்னு சொல்ல முடியும். இல்லாட்டி அது பொய்யாயிடும்."

ஹாட்ச் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி அவளைச் சரியாக ஒருமுறை பார்த்தார்.

"நீங்க நல்ல நர்ஸா?"

மார்லிஸின் காது இரண்டும் சிவந்தன. இவ்வளவு பெரிய வார்த்தையைத் தன்னைப் பற்றித் தானே இதுவரை சொன்னதில்லை. அப்பா மன்னிப்பாராக என்று நினைத்துக்கொண்டு சொல்லியேவிட்டாள்.

"மோசமில்ல மேடம்."

ஏப்ரல் கடைசியில் பனி உருகி, வாசல்களில் சேறு தெரிந்தபோது கல்லூரியின் கடிதம் வந்தது. இடம் உண்டு. கூடவே மதிப்பெண் பட்டியலும் இணைத்திருந்தார்கள். தலைமைப் பண்பு, இரண்டு. ரப்பர் நோயாளி, பூஜ்யம். பரிந்துரைகள், சராசரி. ஆனால் அந்த வருஷம் புதிதாகச் சேர்த்த 'மௌனத்தோடு இசைந்திருத்தல்' என்ற பிரிவில் நூற்றுக்கு நூறு. இரண்டு நிமிஷமும் முழுமையாக மௌனத்தில் உறைந்தவர் கல்லூரி வரலாற்றில் இவர் ஒருவரே என்று டாக்டர் வெல்போர்ன் தம் கையால் குறித்திருந்தார். அதற்குக் கீழே, ஓரத்தில், பென்சிலில் ஒரே ஒரு சொல் இருந்தது. 'பிளக்.'

மார்லிஸ் அதைக் கோர்டியிடம் காட்டினாள். அவர் சராசரி என்ற இடத்தைப் பார்த்து, நாம்தான் போட்டது என்று கொஞ்சம் தலை நிமிர்ந்தார். வாழ்த்துக்குப் பதிலாக, அவள் டியூட்டியின் கடைசி ஒருமணி நேரத்தைத் தானே பார்த்துக்கொண்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்.

வெர்லின் வாசலில் பிக்கப்புக்கு அடியில் படுத்திருந்தான். வெளியே வந்து, கையைத் துணியில் துடைத்து, கடிதத்தை வாங்கி உதட்டை அசைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தான். பிறகு மறுபடி ஒருமுறை படித்தான்.

"மோசமில்ல," என்றான்.

அப்புறம் ஷெட்டுக்குள் போனான். ஒரு பலகையோடு வந்தான். பனி தள்ளும் அந்த இரும்புத் தகடு சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது; பலகையை அதன் மேல் மாட்டினான். 'விற்பனைக்கு' என்று பெரிய எழுத்தில் பெயின்டில் எழுதியிருந்தது. பெயின்ட் எப்போதோ காய்ந்து, மேலே தூசி படிந்திருந்தது.

"இதை எப்ப எழுதுன?"

"பிப்ரவரில. நீ ஃபிளைட் ஏறுன அன்னிக்கு." அவன் பலகை நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தான். "அங்கதான் பனியே கிடையாதுன்னியே."

மார்லிஸ் நடு வாசலில் நின்று, ஊர் வழக்கத்தையெல்லாம் மறந்து, தோள் குலுங்க அழுதாள். பக்கத்து வீட்டு லவோன் ஜன்னல் வழியாக அதைப் பார்த்தாள். பார்த்து ஒரு மணி நேரத்தில் ஒரு பெரிய ஹாட்டிஷ் பாத்திரத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து, செத்தது யார் என்று கேட்காமல், முகத்தையும் பார்க்காமல், படியில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேரும் படியிலேயே உட்கார்ந்து, சூடாக, பாத்திரத்திலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார்கள். மோசமில்லை.